தண்ணீருக்கு நிற்கும் பலகையும் பாரத்துக்கு நிற்கும் பலகையும்

நாலு வருடம் முன்பு வீட்டில் ஒரு புத்தக அலமாரி செய்தேன். கடையில் போய் "இருப்பதிலேயே நல்லது எது?" என்று கேட்டேன். மரைன் என்றார்கள். விலையைக் கேட்டதும் தலை லேசாகச் சுற்றியது. சரி, ஒருமுறைதானே செய்கிறோம் என்று 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டே வாங்கிப் போட்டேன். தட்டு ஒவ்வொன்றும் நாலடி நீளம். நடுவில் ஒரு கட்டை கொடுக்கிறேன் என்று ஆசாரி சொன்னபோது, பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நான்தான் தடுத்தேன். ஆறே மாதத்தில் தட்டுகள் எல்லாம் தூளி மாதிரி தொங்கிவிட்டன.

ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு காசு குடுத்து மரைன் வாங்கியும் இப்படி ஆயிடுச்சே அண்ணே" என்றேன். அவர் தட்டைக் கீழிருந்து தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரைன் தண்ணிக்கு நிக்கும் சார். நீங்க புஸ்தகத்த தண்ணிக்குள்ளயா வெச்சிருக்கீங்க?"

பிளைவுட் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். நீர் தாங்குவது ஒரு குணம், பாரம் தாங்குவது வேறொரு குணம். கடையில் இரண்டையும் சேர்த்து "ஹெவி குவாலிட்டி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். வெளிநாடுகளில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, பாரம் தாங்கும் என்று உறுதி சொல்லப்பட்ட பலகைக்கு ஸ்ட்ரக்சுரல் பிளைவுட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த உறுதி இல்லாத மற்றதெல்லாம் நான்-ஸ்ட்ரக்சுரல். எந்த வேலைக்கு எது என்று பார்ப்பதற்கு முன், பலகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும். நார் ஓடும் வாக்கில் கோடாலி இறங்கினால் கட்டை ஒரே அடியில் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் கை நோகும். மரத்தின் பலம் முழுக்க நார் ஓடும் திசையில்தான் இருக்கிறது. பிளைவுட் செய்யும்போது மரத்தண்டைச் சுழலவிட்டு, நீளமான கத்தியை வைத்து, பென்சில் சீவுவதுபோலத் தாள் தாளாக உரிக்கிறார்கள். அந்தத் தாளுக்கு வெனீர் என்று பெயர். ஒரு தாளில் நார் நெடுக்காக ஓடினால் அடுத்த தாளில் குறுக்காக ஓடும்படி மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் பசை தடவி, சூடான அழுத்த இயந்திரத்தில் வைத்து ஒட்டுகிறார்கள். அடுக்குகள் பெரும்பாலும் ஒற்றைப்படையில் இருக்கும்: 3, 5, 7, 9 என்று. மேலும் கீழும் ஒரே திசை வந்தால்தான் பலகை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும்.

இரண்டு திசையிலும் நார் இருப்பதால் இரண்டு திசையிலும் ஒரே பலம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எந்தப் பலகைக்கும் அதன் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் குணம், தடிமனின் மும்மடியாக ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரே அளவான மூன்று தாள் கொண்ட பிளைவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தாள் மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. 3 × 3 × 3 = 27. ஆக மொத்தம் 27 பங்கு விறைப்பில் நடுத்தாள் தரக்கூடியது ஒரே ஒரு பங்குதான். மிச்சம் 26 பங்கும் மேல்தாளும் கீழ்த்தாளும் கொடுப்பவை. அதே பலகையைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போட்டால் அந்த 26 பங்கு கிட்டத்தட்டக் காணாமல் போய், நடுத்தாள் தனியாக நின்று மாரடிக்கும். தாள்கள் எண்ணிக்கை கூடக்கூட இந்த வித்தியாசம் குறையும். 18 மில்லிமீட்டரில் 11 தாள், 13 தாள் என்று வரும்போது இரண்டு திசையும் ஓரளவு நெருங்கிவிடும். ஆனால் திசை என்று ஒன்று இல்லாமல் போவதில்லை.

வீட்டில் மிஞ்சிய துண்டு இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரே ஷீட்டிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள்: ஒன்று ஷீட்டின் எட்டடி நீளவாக்கில், இன்னொன்று நாலடி அகலவாக்கில், இரண்டும் ஒரே நீளம். இரண்டு செங்கல் மேல் ஒவ்வொன்றாக வைத்து, நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து, பட்டை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது மேல்தாளுக்கு வருவோம். நம் ஊர் அலமாரிப் பிளைவுட்டில் மேலே ஒட்டியிருக்கும் அழகான முகத்தாள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது முகப்பூச்சு. பலம் கொடுக்கும் வேலையை உள்ளே இருக்கும் தடித்த தாள்கள்தான் செய்கின்றன. அவை என்ன மரம், இடையில் சந்து இருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறதா என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஸ்ட்ரக்சுரல் பிளைவுட் இதற்கு நேர் எதிர். முகம் அழகாக இருக்காது, கணு தெரியும், வெடிப்புகூட இருக்கலாம். ஆனால் மேல்தாளே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் உழைக்கிற தாளாக இருக்கும்.

மெல்போர்னில் இருக்கும் என் சித்தி மகன் போன வருடம் கொல்லைப்புறத்தில் ஒரு ஷெட் போட்டான். தரைக்குப் பலகை வாங்கப் போன இடத்திலிருந்து வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினான். ஒன்று வழவழவென்று இருந்தது. "எக்ஸ்டீரியர்" என்று அச்சடித்திருந்தது. இன்னொன்றில் கணுவும் தழும்பும். "அண்ணா, எக்ஸ்டீரியர்னா வெளில மழைல போடறது, அப்ப அதுதானே ஸ்ட்ராங்கு?" என்று கேட்டான். என் அலமாரித் தட்டு ஞாபகம் வந்தது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிளைவுட்டுக்கு நாலு தர எண்கள் இருக்கின்றன: 2269 ஸ்ட்ரக்சுரல், 2270 உள்வேலைக்கு, 2271 வெளிவேலைக்கு, 2272 படகு வேலைக்கு. 2271 எக்ஸ்டீரியர் பலகையின் பசை மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும் ரகம். ஆனால் எத்தனை பாரம் தாங்கும் என்று அது எந்த வாக்கும் கொடுப்பதில்லை, அதனால் அது நான்-ஸ்ட்ரக்சுரல். சுவர் மேல் அலங்காரமாக அடிக்கலாம், பெயர்ப்பலகை செய்யலாம். ஆள் நடக்கும் தரைக்கு ஆகாது.

அந்தத் தழும்புப் பலகையின் முத்திரையில் இப்படி இருந்தது: எஃப்11, சி-டி, ஏ பாண்ட், 17-24-7. இதை ஒருமுறை படிக்கத் தெரிந்துகொண்டால் ஸ்ட்ரக்சுரல் என்றால் என்ன என்பது முழுக்கப் புரிந்துவிடும். எஃப்11 என்பது பல வகுப்பு. எஃப்7, எஃப்8, எஃப்11, எஃப்14 என்று மேலே போகும், எண் கூடினால் பலம் கூடும். பொறியாளர் தன் அட்டவணையில் தேடுவது இந்த எண்ணைத்தான். சி-டி என்பது முகத்தின் அழகு: முன்பக்கம் சி, பின்பக்கம் டி, இரண்டுமே கீழ்த்தட்டு. பலத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஏ பாண்ட் என்பது பசை: பீனால் ஃபார்மால்டிஹைடு வகை, ஓரத்தில் கருங்கோடாகத் தெரியும், வருடக்கணக்கில் நனைந்து காய்ந்தாலும் விடாது. கடைசி எண்தான் எனக்குப் பிடித்தது. 17 மில்லிமீட்டர் தடிமன், முகத்தாள் 2.4 மில்லிமீட்டர், மொத்தம் 7 தாள். முகத்தாளின் தடிமனைக்கூட முத்திரையில் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் மேலே பார்த்த 26 பங்கு சமாசாரம் அதில்தான் இருக்கிறது.

ஆக, பலம், அழகு, பசை என்று மூன்று கேள்விகளுக்கு மூன்று தனித்தனி பதில். தம்பி தழும்புப் பலகையை எடுத்துக்கொண்டான். கூடவே ஒன்று சொன்னேன்: பசை அழியாது என்பதால் மரம் அழுகாது என்று அர்த்தமில்லை. தரைக்கு அடியில் ஈரம் ஏறும் இடமென்றால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்து ஏற்றிய பலகையா என்று தனியாகக் கேட்க வேண்டும். நம்மூரில் கறையான் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இன்னும் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள். முத்திரையில் 32/16 என்று ஒரு எண் இருக்கும். கூரையில் போட்டால் கீழே உள்ள கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 32 அங்குலம், தரையில் போட்டால் 16 அங்குலம் என்று பொருள். கணக்கே போட வேண்டாம். அங்கே இதற்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். கூரை ஓட்டுக்குக் கீழே பிளைவுட்டோ அதுபோன்ற மரப்பலகையோ இருக்கும், தரையிலும் அதுவே, சுவரின் சட்டங்கள் காற்றில் சாயாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுவே. நம் வீட்டில் கான்கிரீட்டும் செங்கலும் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அங்கே பலகை செய்கிறது.

பலகை சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்டபோது ஏராளமான வீடுகளின் கூரைப் பலகைகள் பிய்த்துக்கொண்டு போயின. போய்ப் பார்த்தால், பல இடங்களில் பலகையில் குறையில்லை. ஆணி போதவில்லை, சில இடங்களில் அடித்த ஆணி கீழே உள்ள கட்டையையே தொடவில்லை. ஸ்ட்ரக்சுரல் என்பது பலகை, கட்டை, ஆணி மூன்றும் சேர்ந்த விஷயம்.

சரி, தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவருக்கு இதனால் என்ன? நம் தர எண்களைப் பார்ப்போம். கடைகளில் புழங்குவது இரண்டுதான்: ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710. முதலாவது பொது உபயோகப் பிளைவுட். அதில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது) என்கிற கமர்ஷியல் ரகமும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) ரகமும் வரும். இரண்டாவது மரைன். இவற்றைப் பிரிக்கும் முக்கியமான சோதனை தண்ணீர்தான். எம்.ஆர். பலகையின் பசை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் தாங்க வேண்டும், பி.டபிள்யூ.ஆர். கொதிநீரில் 8 மணி நேரம், மரைன் கொதிநீரில் 72 மணி நேரம். மூன்று நாள் இட்லிப் பானையில் கிடந்தும் பிரியாத பசை என்றால் சும்மா இல்லை. மரைன் பலவீனம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தரங்களிலும் வளைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. ஆனால் இத்தனை அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் இத்தனை கிலோ தாங்கும் என்று கடையில் வாங்கும் மரைன் ஷீட்டின் முத்திரை உங்களிடம் சொல்லாது.

அதைச் சொல்வதற்கென்று நம்மிடமும் தரங்கள் இருக்கின்றன. ஐ.எஸ். 10701 என்பதே ஸ்ட்ரக்சுரல் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். தெருமுனைக் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டட வேலையில் நிஜமாகவே புழங்குவது ஐ.எஸ். 4990, சென்ட்ரிங் வேலைக்கான ஷட்டரிங் பிளைவுட். கருப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பான படலம் ஒட்டியிருக்குமே, அது.

அதன் மேல் ஏறும் பாரத்தைக் கணக்குப் போட்டால் ஏன் அதற்குத் தனித் தரம் என்பது தெரியும். கம்பியோடு சேர்ந்த ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2500 கிலோ. ஐந்து அங்குலத் தளம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல். எட்டுக்கு நாலு ஷீட் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஆக ஒரே ஒரு ஷீட்டின் மேல் 930 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சின்ன கார். அதற்கு மேல் சட்டி சுமக்கிறவர்கள், வைப்ரேட்டர் பிடிக்கிறவர், குவியலாகக் கொட்டும் கலவை. அலமாரிக்கு மிஞ்சிய கமர்ஷியல் பலகையை "ஒரு மூலைக்குத்தானே" என்று அங்கே நுழைக்கச் சொல்லும் மேஸ்திரியிடம் தயவு தாட்சண்யம் காட்டாதீர்கள். கலவைத் தண்ணீரில் அதன் பசை இளகும், பாரத்தில் வளையும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

தலைகீழான தவறும் உண்டு. சென்ட்ரிங் முடிந்த பழைய ஷட்டரிங் பலகைகளைச் சல்லிசாக வாங்கி, கடையிலோ குடோனிலோ இரும்புச் சட்டத்தின் மேல் பரண் போட்டுவிடுகிறார்கள். பலமான ரகம்தானே என்று தோன்றும். ஆனால் பத்துத் தளம் பார்த்த பலகைக்குள் எந்தத் தாள் விட்டுப்போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டு அறையின் தரைக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தரம். ஒரு ஷீட்டுக்கு 600 கிலோ. சரக்கு அடுக்கும் இடமென்றால் அதைவிடப் பல மடங்கு. ஆள் ஏறும் பரண், மேடை, மொட்டை மாடியில் இரும்புச் சட்ட அறையின் தரை, இவையெல்லாம் ஆசாரியின் அனுபவத்தில் முடிக்கும் வேலைகள் இல்லை. ஒரு பொறியாளரிடம் சட்ட இடைவெளியும் பலகைத் தடிமனும் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குத் தகுந்த பலகையைத் தேட வேண்டும்.

மற்றபடி அலமாரி, கட்டில், டிவி யூனிட், சுவர்ப் பேனல், இவற்றுக்கு ஸ்ட்ரக்சுரல் தேவையே இல்லை. சமையலறையில் சிங்க்குக்குக் கீழே மரைன், மற்ற சமையலறை வேலைக்கு பி.டபிள்யூ.ஆர்., படுக்கையறை அலமாரிக்குக் கமர்ஷியல் என்பதே நிறைய வீடுகளுக்குப் போதும். பலம் வேண்டிய இடத்தில் பலகையின் ரகத்தை மாற்றுவதைவிட இடைவெளியைக் குறைப்பது மலிவு. என் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீராக நிறைந்திருக்கும் பாரத்துக்குத் தொய்வு நீளத்தின் நான்காம் மடியாக ஏறுகிறது. மூன்றடித் தட்டு 2 மில்லிமீட்டர் தொய்ந்தால், அதே பலகை நாலடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் தொய்யும். நாலடியின் நடுவில் ஒரு கட்டை நிறுத்தி இரண்டிரண்டு அடியாகப் பிரித்துவிட்டால், தொய்வு பதினாறில் ஒரு பங்கு. புத்தகம் அடிக்குச் சுமார் பத்துக் கிலோ வரும், அதுவும் இரவு பகல் இறங்காத பாரம். அப்படிப்பட்ட பாரத்தில் மரம் முதல் நாள் வளைந்ததோடு நிற்காமல் மாதக்கணக்கில் மெதுவாக இன்னும் இறங்கிக்கொண்டே போகும்.

வாங்கும்போது நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் முத்திரையில் உள்ள எண். கடைக்காரர் மரைன் என்பார், ஐ.எஸ்.ஐ. குறிக்கு மேலே 303 என்று இருக்கும். எண்ணைத்தான் நம்ப வேண்டும். குறிக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை, தர முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் அது யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஓரம். நாலு பக்கமும் குனிந்து பார்ப்பேன். தாள்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். வண்ணம் அடித்து ஓரத்தை மூடியிருந்தால் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்வேன். பசைக்கோடு கருப்பாக இருந்தால் பீனால் பசை என்பார்கள், ஆனால் சாயம் கலப்பவர்களும் இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிக்க வைத்துப் பார்க்கலாம். மரைன் என்ற பெயரில் கமர்ஷியலைக் கொடுத்திருந்தால் தாள்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து, சாயம் போன சேலை மாதிரி குட்டு வெளிப்பட்டுவிடும். கேஸ் செலவுக்கு வீட்டில் பதில் சொல்வது உங்கள் பாடு.

கடையில் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "நல்லது எது?" என்று கேட்பதில்லை. நனையுமா நனையாதா, மேலே எத்தனை கிலோ ஏறும், எத்தனை அடிக்கு ஒரு தாங்கல், கண்ணுக்குத் தெரியும் இடமா தெரியாத இடமா, இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறேன். பாதிக் கடைகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த வேலை ஸ்ட்ரக்சுரலா இல்லையா என்பது எனக்கே அந்தச் சீட்டிலிருந்து தெரிந்துவிடுகிறது.

தட்டுகளுக்கு ஆசாரி நடுவில் ஆளுக்கொரு கட்டை கொடுத்து, முன்விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரையும் ஒட்டித் திருகிவிட்டுப் போனார். வளைந்த தட்டுகளைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பித்தான் மாட்டினார். இப்போது நேராக இருக்கின்றன, மேல்தட்டு மட்டும் நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது.